இருட்டுக் களவா

நீங்க சன்னல் ஓரத்துலயே இருங்க தம்பி. எனக்கு எங்கன உக்காந்தாலும் ஒண்ணுதான். தூத்துக்குடிக்குத்தானே? நானும் அங்கதான், கலெக்டர் ஆபீசுக்கு. திங்கக்கெழமல்லா, மனு வாங்குற நாளு. மனு பையில இருக்கு. அத மேசையில போட்டு, நறுக்குன்னு நாலு வார்த்த கேட்டுட்டுத்தான் திரும்புவேன். என் பார மூடிப்புட்டாவ தம்பி. நான் கண்டுபிடிச்ச பாரு. எம் பேரு வச்ச பாரு. கஸ்பார் பாரு.

பாருன்னதும் வேற என்னத்தையும் நெனச்சிராதிய. கடலுக்கு அடியில கெடக்குற பாறத் திட்டு. மீனு குடியிருக்குற எடம்.

வெடிச் சத்தமா? நான் ஏறுன எடத்துல கேட்டதா? அது கல்யாண வெடி. எங்க ஊர்க் கோயில்ல இன்னைக்குக் கல்யாணம். யாருக்கா? எந் தங்கச்சி மவ பெனிட்டாவுக்கு. ஆமா, கூடப் பொறந்த தங்கச்சிதான். நான் போகல. அத விடுங்க.

சட்டை புதுசுதான். கல்யாணத்துக்குன்னு எம் பொண்டாட்டி துணியெடுத்துத் தைக்கக் குடுத்தது. கல்யாணத்துக்குப் போகலங்குறதுக்காகச் சட்டையத் தூக்கியா எறிய முடியும்? கலெக்டரப் பாக்க நல்ல சட்டை வேண்டாமா? அவ போயிட்டா. நாஞ் சொல்லச் சொல்லக் கேக்காம, பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு, என் மூஞ்சியக்கூடப் பாக்காமப் போயிட்டா. போகட்டும். எனக்கு எம் பாருதான் முக்கியம்.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேளுங்க. எங்க பகுதியில கடலு கொஞ்ச தூரத்துக்குத் தட்டையாப் போகும், அப்புறம் ஒரு எடத்துல மாடிப்படி உடைஞ்ச மாதிரி தொபுக்குனு எறங்கிரும். அந்த எறக்கத்துக்கு அங்குட்டு யாரும் தூண்டில் போட மாட்டான். என்னத்துக்குப் போடணும், கயிறு எட்டாது. ஒரு நாளு போட்டு இஞ்சினு மக்கர் பண்ணி நாங்க அந்தப் பக்கம் ஒழுகிப் போயிட்டோம். சும்மா கெடக்கோமேன்னு எல்லாக் கயித்தையும் ஒண்ணா முடிஞ்சு எறக்கிப் பாத்தேன். எறங்குது, எறங்குது, எறங்கிக்கிட்டே இருக்கு. லிகோரி சிரிக்கான். "மச்சான், பூமிக்கு அந்தப் பக்கத்து நாட்டுல எவனாச்சும் புடிச்சு இழுத்துருவான்"ங்கான். லிகோரின்னா என் டிரைவர். எந் தங்கச்சி புருசன். பெனிட்டாவோட அப்பன். அவந்தான். அவனப் பத்தி அப்புறம் சொல்லுதேன், இப்பச் சொன்னா எனக்கு ரத்தம் கொதிக்கும்.

இழுத்தா, வந்துச்சு பாருங்க மீனு! களவா மாதிரி இருக்கு, ஆனா களவா இல்ல. ரத்தச் செவப்பு. கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழத் தண்டிக்கு. அப்பேர்ப்பட்ட மீன எங்க ஊருல எவனும் பாத்ததில்ல. வெளிச்சமே போகாத எடத்துல இருந்து வந்ததால இருட்டுக் களவான்னு நாந்தான் பேரு வச்சேன். ஏலக்கூடத்துல யாவாரிக அடிச்சுக்கிட்டானுவ. பாரக் கண்டுபிடிச்சவன் பேருதான் பாருக்கு வைக்கணும், அது எங்க கடக்கரை வழக்கம். பழைய பாரு எல்லாத்துக்கும் செத்தவம் பேருதான் இருக்கு. உசிரோட இருக்கையிலயே பேரு வாங்குனவன் நான் ஒருத்தந்தான் தம்பி. ஊருல சின்னப் பயலுவகூட எந்திரிச்சு நின்னானுவ.

அது பொறுக்குமா மீன்துறை ஆபீஸ்காரனுக்கு? வந்துட்டாவ. ஒரு மேடம், சின்னப் பொண்ணு, எம் மவ வயசு இருக்கும். எங்க ஊர் சங்கக் கட்டடத்துல கூட்டம் போட்டாவ. இது புது மீனு, எம்புட்டு இருக்குன்னு யாருக்கும் தெரியாது, ஆழத்து மீனு மெதுவா வளரும், கண்ட மாதிரி புடிச்சா ரெண்டு வருசத்துல தொடச்ச மாதிரி ஆயிரும், அதனால மொத சீசன் பரீச்சார்த்தம்னு சொன்னாவ. கடல் மேப்புல பெரிய சதுரம் ஒண்ணு போட்டு, "இதுக்குள்ள இந்த சீசனுக்கு உங்க போட்டு மட்டும் போகலாம், கண்டுபிடிச்சது நீங்க"ன்னாவ. அது நல்ல பேச்சு, நான் மறைக்கல. சதுரத்துக்குள்ள பாரு எந்த எடம்னுகூடக் கேக்கல. "அது உங்க ரகசியம்"ன்னாவ. ஆனா பாருங்க, கூடவே ஒரு கண்டிசன். தூண்டில் மட்டும்தான். ஒரு முழத்துக்குக் கீழ இருந்தா அது குஞ்சு, திரும்பக் கடல்ல விட்டுறணும்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. எவன் வீட்டுச் சொத்துக்கு எவன் சட்டம் போடுதது? எங்கப்பன் பாட்டன் காலத்துல கடலு யாருகிட்ட கையெழுத்து வாங்கிச்சு? கேட்டேன். அந்த மேடம் பொறுமையா, "அண்ணாச்சி, பரீச்சார்த்தம்னா ரெண்டு பக்கமும் படிக்கத்தான். எங்க ரூல்ல எது தப்புன்னு கடல்ல பாக்குறவங்க நீங்கதான் சொல்லணும். போன் பண்ணுங்க, மாத்துவோம்"ன்னு நம்பர் குடுத்தாவ. நான் அந்தச் சீட்டக் கையிலகூட வாங்கல. லிகோரிதான் வாங்கி வச்சான். வாங்கி வச்சவனுக்கு உள்நோக்கம் இருந்திருக்கு, எனக்குத்தான் அப்பப் புரியல.

இப்பக் கேளுங்க கூத்த. ஆழத்துல கெடக்குற மீனு மேல வரும்போது வயித்துக்குள்ள காத்து ஊதிக்கிடும். குடலு வாய் வழியா வெளிய வந்துரும், கண்ணு பிதுங்கிரும். அதத் திரும்பக் கடல்ல போட்டா எங்கன போகும்? எறங்காது. மல்லாந்துரும். வெள்ள வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்கும். எந்த மீன்காரனுக்கும் தெரியும் இது. படிச்ச ஆபீசுக்குத் தெரியல! குஞ்ச விட்டா பொழைச்சு வளருமாம். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. சரி, நீங்க சொன்னதத்தானே செய்யணும்? செய்யுதேன். சட்டம் சொல்லிச்சு, நான் செஞ்சேன். முழத்துக்கு ஒரு வெரக்கட கொறஞ்சாலும் தூக்கிப் போடு கடல்ல. நாள் பூரா போட்டோம். போட்டுக்குப் பின்னால கோடு போட்ட மாதிரி வெள்ள வெள்ளையா நீவாட்டுல மேக்க போய்க்கிட்டே இருக்கும், கடல் ஓட்டத்தச் சொல்லுதேன். கண்ணுக்கு எட்டுற மட்டும் போகும். மேல ஒரே கடக்காக்கா. கும்மாளம்தான் அதுகளுக்கு.

லிகோரிக்கு அது புடிக்கல. "மச்சான், இது பாவம். குஞ்சுவ ஏறுற எடத்த விட்டு நவந்து போட்டுப் பாப்போம்"ங்கான். "இல்லாட்டி அந்த மேடத்துக்கிட்ட சொல்லுவோம், மெதக்குதுன்னு. அவியதான் சொல்லச் சொன்னாவல்லா"ங்கான். நான் ஒரே போடாப் போட்டேன். "வாயத் தொறந்தே, கடல்ல தள்ளிருவேன். அவளுவளாத் தெரிஞ்சுக்கிடட்டும். நாம எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்? சட்டம் போட்டவளுக்கு மீனு மெதக்கும்னு தெரிய வேண்டாமா?"ன்னேன். நாஞ் சொன்னதுல என்ன தப்பு, சொல்லுங்க. சம்பளம் வாங்குறது அவிய, பாடம் எடுக்குறது நானா?

ஆனா ரகசியத்துல நான் கெட்டி. அத நீங்க யாருகிட்டயும் கேளுங்க. கரைய விட்டுக் கெளம்பும்போது எல்லாரு போனையும் வாங்கி டப்பாவுல போட்டுப் பூட்டிருவேன். மொதல்ல தெக்க போவேன், ஊரு கண்ணு மறைஞ்சதும் கெழக்க திருப்புவேன். ராத்திரி லைட்டு கெடையாது. வயர்லெஸ்சுல பேச்சு கெடையாது. கூட வந்த மத்த ரெண்டு பேருக்கும் எடம் காட்டுற ஜிபிஎஸ் கருவியப் பாக்கவே தெரியாது. பாரு இருக்குற பாயிண்டு தெரிஞ்சது எனக்கு, அப்புறம் லிகோரிக்கு. ரெண்டே பேரு. இத நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க.

ஒரு நாளு விடியக்காலம் பாருல தூண்டில் போட்டுட்டு நிமிந்து பாக்கேன், மேக்க இருந்து அஞ்சாறு போட்டு வருது. வருதுன்னா சும்மா சுத்திக்கிட்டு வரல தம்பி. நூல் புடிச்ச மாதிரி நேரா வாரானுவ. நேரா எம் பாருக்கு. பக்கத்து ஊர்க்காரனுவ. மறுநாளு எண்ண முடியல. தூண்டிலு மட்டும்தான்னு சொன்னா எவன் கேக்கான்? வலையக் கட்டி இழுக்கானுவ. சதுரமாவது கோடாவது. அம்புட்டு தூரத்துக்கு எவன் வந்து காவல் காக்க? சீசன் முடியல, மீனு முடிஞ்சு போச்சு. கடைசியில நான் முழுசா ஒரு பகலு தூண்டில் போட்டுப் பாறாங்கல்லுல மாட்டிப் பிச்சுக்கிட்டு வந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஆர்டர் வருது. கஸ்பார் பாரு இருக்குற சதுரத்துல இனி எவனும் எந்தத் தொழிலும் செய்யக் கூடாது, மறு உத்தரவு வரைக்கும். நாசம் பண்ணுனவனுக்கும் அதே ஆர்டரு, கண்டுபிடிச்சவனுக்கும் அதே ஆர்டரு! இது நாயமா? நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊரு நாயம்? ஆர்டர்ல எம் பேருகூட இல்ல தம்பி. ஏதோ நம்பர் போட்டிருக்கானுவ. அந்த மேடம் மறுபடி வந்தாவ. "மெதந்துச்சுன்னு சீசன் ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா, குஞ்சு ஏறுன ஒடனே எடம் மாறணும்னு ரூல மாத்தியிருப்போமே அண்ணாச்சி"ங்காவ. செத்த வீட்டுல வந்து வைத்தியம் சொல்லுதாவ.

சரி, காட்டிக் குடுத்தது யாரு? நீங்க கேக்கல, நானே கேக்கேன். காட்டிக் குடுக்காம அஞ்சாறு போட்டு நூல் புடிச்ச மாதிரி எப்படி வரும்? தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. நான் சொல்லல. அப்ப யாரு? அதுலயும் நான் கண்ணால பாத்திருக்கேன். போட்டுக வாரதுக்கு ரெண்டு நா முந்தி, வலைக் கொட்டகைக்குப் பின்னால நின்னு லிகோரி போன்ல பேசுதான். என்னயக் கண்டதும் சடக்குனு வச்சுட்டான். அப்ப நான் கண்டுக்கல. போட்டுக வந்த அன்னைக்குத்தான் எனக்குப் பொறி தட்டிச்சு.

கரைக்கு வந்ததும் கேட்டேன். ஊருக்கு முன்னாலதான் கேட்டேன், ஒளிச்சு மறைச்சுக் கேக்குறவன் நான் இல்ல. "எவனுக்குலே பாயிண்ட வித்தே?"ன்னேன். அவம் மொகம் செத்துப் போச்சு. "மச்சான், அந்த மேடத்துக்குத்தான் போன் போட்டேன். மீனு மெதக்குதுன்னு சொல்லத்தான் போட்டேன். அவிய எடுக்கல, அதுக்குள்ள நீங்க வந்துட்டிய"ங்கான். எப்படி இருக்கு கதை? காதுல பூ சுத்துதான். எங்க ஆளுக சத்தியம் பண்ணணும்னா போட்டோட அணியத்துல, மூக்கு இருக்கும்லா முன்னால, அதுல கை வச்சுப் பண்ணணும். அதுல பொய்ச் சத்தியம் பண்ணுனவன் கடலு ஏற முடியாது. அவம் கை வச்சான். நெஞ்சளவு தண்ணியில நின்னு, அணியத்துல ரெண்டு கையையும் வச்சு, "நான் யாருக்கும் சொல்லல"ன்னான். நான் நம்பல. கையத் தட்டி விட்டேன். "எம் போட்டத் தொடாத"ன்னேன். ஊரே பாத்துச்சு.

எந் தங்கச்சி சலேத்து ஓடி வந்தா. தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு எங் கால்ல விழுதா. "அண்ணன், அவரு உங்களுக்குத் துரோகம் நெனச்சிருந்தா எங் கண்ணு அவிஞ்சு போகட்டும்"ங்கா. நான் சொல்லிட்டேன், எனக்குத் தங்கச்சியும் இல்ல, தங்கச்சி மாப்பிள்ளையும் இல்லன்னு. சொன்னது சொன்னதுதான். பேச்சு மாறுற சோலியே எங்கிட்ட கெடையாது.

அந்தப் பிள்ளையா? பெனிட்டாவா? அவ என்ன பண்ணுவா, பாவம். நேத்துச் சாயந்தரம் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. கையில மருதாணி. எங்க வழக்கத்துல மாமங்காரந்தான் பொண்ணு கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகணும் தம்பி. அப்பன் பின்னாலதான் வரணும். மாமன் இல்லாத பொண்ணுக்குச் சித்தப்பன் பெரியப்பன் யாராச்சும் வருவாவ, லிகோரிக்குக் கூடப் பொறந்தவன் கெடையாது. அவ கேக்கா, "மாமா, வெள்ளன வந்துருவியல்லா? பூசை பதினோரு மணிக்கு"ங்கா. நான் கதவச் சாத்திட்டேன். கொஞ்ச நேரம் அவ போகல. கொலுசுச் சத்தம் கேக்கல, அதான் தெரியும். அப்புறம் போயிட்டா. அத விடுங்க. நான் மனசு மாறுவேன்னு நெனச்சானுவளா? அதான் இன்னைக்கே மனு குடுக்கக் கெளம்பிட்டேன்.

இப்ப எங்கன வந்திருக்கோம்? குளத்தூர் விலக்கா? சரி, சரி, இன்னும் நேரம் கெடக்கு.

எஞ் சாமர்த்தியத்துக்கு ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. நான் சும்மா உக்காந்துருவேன்னு நெனைக்காதிய. இவம் இல்லாட்டா எனக்கு டிரைவரா கெடையாது? புதுப் பையன் ஒருத்தனப் போட்டுக்கிட்டு, போன மாசம், மூடுன சதுரத்துக்கு வெளிய, இன்னும் தெக்க போய்ப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. சலிச்சுப் போய்த் திரும்பலாம்னு இருக்கையில, தண்ணியில என்னமோ வெள்ளையா மெதக்குது. கிட்டப் போனா மீனு. மல்லாந்து, கண்ணு பிதுங்கி, குடலு வெளிய வந்து கெடக்கு. ஆழத்து மீனு! கொஞ்ச தூரத்துல இன்னொண்ணு. அந்தாக்குல ஒண்ணு. மேல காக்கா. எனக்குச் சிரிப்பு தாங்கல. எவனோ யாருக்கும் தெரியாத பாரக் கண்டுபிடிச்சு, லைட்ட அணைச்சு, வயர்லெஸ்ஸ மூடி, என்னமா ஒளிச்சு வச்சிருக்கான் பாவிப்பய, குஞ்ச அள்ளி வெளிய வீசிக்கிட்டு வழியப் பூராக் காட்டிக் குடுத்துட்டானேன்னு. புதுப் பையங்கிட்டச் சொன்னேன், "நீவாட்டுக்கு எதுத்தாப்புல விடுலே, இந்த வெள்ளையப் புடிச்சுக்கிட்டே போ"ன்னு. நூல் புடிச்ச மாதிரிப் போனோம். போனா, நாஞ் சொன்ன மாதிரியே, ஒரு வெளியூர்ப் போட்டு நங்கூரம் போட்டு நிக்கி. எங்களப் பாத்ததும் அவம் மொகம் போன போக்கப் பாக்கணுமே! அவம் டிரைவரப் பாத்துக் கத்துதான், "நீதான்டா சொன்ன"ன்னு. மடப்பய. மீனு மெதக்குறது போதாதா, இதுக்கு ஒருத்தன் வந்து சொல்லணுமாக்கும்...

...

ஏன் அப்படிப் பாக்குதிய?

இல்ல, என்னன்னு கேக்கேன். வாயத் தொறந்து சொல்லுங்க. எங்க மீனும் அப்படித்தானே மெதந்துச்சுன்னு கேக்குதிய, அதானே? மெதந்துச்சு. ஆமா. மேக்கதான் போச்சு. அதுக்கு? போட்டுகளும் மேக்க இருந்துதான் வந்துச்சு. அதுக்கு?

அது வேற, இது வேற. நான் சட்டப்படி போட்டேன். சட்டம் சொல்லிச்சு, நான் செஞ்சேன். நீங்க யாரு மொதல்ல? ஆபீசுல இருந்து வாரியளா? அந்த மேடம் ஆளா? அப்பமே நெனச்சேன், இம்புட்டு நேரமாத் துருவித் துருவிக் கேட்டுக்கிட்டே வாரானேன்னு. கரைய விட்டு அந்தாக்குல போகாத ஆளுக்கு நீவாட்டப் பத்தி என்ன தெரியும்?

அவந்தான் வித்தான். நான் கண்ணால பாத்தேன். போன் பேசுனான். பேசுனானா இல்லியா? எடுக்கலன்னான். எடுக்காத போனுக்கு எவனாச்சும்...

அவந்தான்.

கண்டக்டரே! ஏய்யா கண்டக்டரே, இந்தா, வண்டிய அந்த விலக்குல ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லும். தூத்துக்குடிக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், யாரு இல்லன்னா? கலெக்டர் அடுத்த திங்கக்கெழமையும் அங்கனதானே இருப்பாரு? எதுத்தாப்புல நம்ம ஊருக்கு பஸ்சு எப்ப வரும்? பத்து மணிக்கு முந்தி வருமா? பொய் சொல்லாதவே, வருமா வராதா?

எறங்குதேன் தம்பி, கொஞ்சம் காலத் தள்ளிக்கிடுங்க. நீங்க சொன்னதுக்காக ஒண்ணும் எறங்கல. அந்தப் பிள்ள கோயில் வாசல்ல நிக்கும், அதுக்காகத்தான். அவம் வித்ததுல மாத்தமே இல்ல, ஆமா. எவன் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்.

தம்பி, இந்தச் சட்டை முதுகுப் பக்கம் கசங்கியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.